நைல் நதியில் பன்னிரண்டு பேர்: கப்பலா, பாய்மரப் படகா, வேனா?

எகிப்து போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்த நாளில், பிரமிடைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கெய்ரோவில் இறங்க வேண்டும், கீஸாவைப் பார்க்க வேண்டும், அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாக்குவாதம் தொடங்கியது கெய்ரோவுக்குத் தெற்கே. லக்சரிலிருந்து அஸ்வான் வரை சுமார் 220 கிலோமீட்டர். எஸ்னா, எட்ஃபு, கோம் ஓம்போ என்று கோயில்கள் வரிசையாக நிற்பது இந்த ஆற்றங்கரையில்தான். இந்தத் துண்டைப் பெரிய கப்பலில் கடக்கலாம், சிறிய பாய்மரப் படகில் கடக்கலாம், வேன் பிடித்து ஊர் ஊராகத் தங்கிக் கடக்கலாம். எத்தனை நாள், எவ்வளவு பணம், யாருக்கு எவ்வளவு அலைச்சல் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமைகிறது.

நாங்கள் பன்னிரண்டு பேர். மூத்தவர் என் அத்தை. வயது 71, ஒரு முழங்காலுக்கு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர். சின்னவன் என் தங்கை மகன், பத்து வயது. இடையில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், முட்டைகூடத் தொடாத நான்கு பேர், இருட்டான குறுகிய இடம் என்றாலே மூச்சு முட்டும் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் கணவரும் மட்டும் அங்கே ஒரு கப்பலில் போயிருக்கிறோம். அதனால் இந்த முறை திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வழிகளையும் விலை கேட்டு, எதிரெதிரே எழுதிப் பார்த்ததில் எனக்குப் பட்டதை இங்கே சொல்கிறேன்.

விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். விடிகாலை நாலு மணிக்கு எத்தனை நாள் எழ முடியும்? தினமும் பெட்டி கட்ட முடியுமா? நூறு படி இறங்கி ஏற முடியுமா? இந்தப் பதில்கள் கையில் இல்லாமல் போட்ட திட்டம் மூன்றாம் நாளே குலைந்துவிடும். அத்தை தன் பதிலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எனக்காக யாரும் எதையும் விட்டுடாதீங்க. நிழலா ஒரு இடம் பார்த்து என்னை உட்கார வெச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன். ஆனா தினம் ஒரு ஓட்டல் மாத்தச் சொல்லாதீங்க."

பெரிய கப்பல்

லக்சரிலிருந்து அஸ்வானுக்கு நான்கு இரவு, எதிர்த்திசையில் மூன்று இரவு. பெரும்பாலான க்ரூஸ் கப்பல்களின் கணக்கு இதுதான். ஐம்பது அறுபது அறைகள், மேல்தளத்தில் சின்ன நீச்சல் குளம், மூன்று வேளைச் சாப்பாடு, கூடவே ஒரு கைடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். அறை நம்மோடு வந்துகொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. கோயிலுக்கு வர முடியாத நாளில் அறையிலேயே படுத்திருக்கலாம், மேல்தளத்தில் உட்கார்ந்து ஈச்ச மரங்களும் கரும்புத் தோட்டங்களும் நகர்வதைப் பார்க்கலாம்.

முதல் பயணத்தில் நான் மறக்காதது எஸ்னா. அங்கே ஆற்றின் குறுக்கே அணை இருக்கிறது. கப்பலை ஒரு மதகு அறைக்குள் அடைத்து, தண்ணீர் மட்டத்தை ஏற்றி அடுத்த பக்கம் விடுகிறார்கள். அதற்காகக் கப்பல் காத்து நிற்கும்போது சிறு படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். மேசை விரிப்பையும் நீள அங்கியையும் பாலித்தீன் பையில் சுருட்டி, அத்தனை உயரத்தில் நிற்கும் நம் மேல்தளத்துக்குக் குறி தவறாமல் வீசுவார்கள். பிடித்திருந்தால் அதே பையில் பணத்தை வைத்துத் திருப்பி எறிய வேண்டும். ஓடும் தண்ணீரில் ஆடும் படகில் நின்று அவர்கள் வீசும் வீச்சை இன்னொரு முறை பார்க்கவே போகலாம்.

ஆனால் கப்பலில் இரண்டு குறைகளை நான் அனுபவித்தேன். ஒன்று, கரையில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கமாக நான்கைந்து சேர்த்துக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பல்களின் வரவேற்பறைகள் வழியாக நடக்க வேண்டும். ஜன்னல் திரையை விலக்கினால் நைலுக்குப் பதில் இன்னொரு கப்பலின் ஜன்னல். இரண்டாவதுதான் பெரிய குறை: எல்லாக் கப்பலும் ஏறத்தாழ ஒரே அட்டவணையில் ஓடுகின்றன. எட்ஃபுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிறோம், கோம் ஓம்போவுக்கு எல்லோரும் ஒரே மாலையில் போகிறோம். எட்ஃபுவின் ஹோரஸ் கோயில் கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடிந்தது, எகிப்தில் இவ்வளவு முழுமையாக நிற்கும் பழங்கோயிலைக் காண்பது அரிது. 180 ஆண்டு கட்டிய கோயிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். கருவறைக்கு முன்னால் நான்கு மொழிகளில் நான்கு கைடுகள் பேசிக்கொண்டிருக்க, எங்கள் கைடு சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

லக்சருக்கும் இதே கதி. நைலின் மேற்குக் கரைக்குக் கப்பல் திட்டம் தருவது ஒரே ஒரு காலை. பழங்கால அரசர்களின் கல்லறைகள் இருக்கும் அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹத்ஷெப்சுத் கோயில், மெம்னான் சிலைகள், திரும்பிவந்து சாப்பாடு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நிலத்துக்கு ஐந்து மணி நேரம் போதவே போதாது.

வேனும் ஓட்டலும்

இதற்கு நேர் எதிரான வழி, கரையில் தங்குவது. லக்சரில் மூன்று நான்கு இரவு, அஸ்வானில் இரண்டு மூன்று இரவு, நடுவில் ஒரு பகல் வேனில் போய் எட்ஃபுவையும் கோம் ஓம்போவையும் பார்த்துவிடுவது. பன்னிரண்டு பேருக்கு ஒரு வேன், ஒரு ஓட்டுநர், ஒரு கைடு என்று பிரித்தால் தலைக்கு வரும் செலவு மூன்று வழிகளில் இதுவே குறைவு. சாப்பாடு நம் கையில், நேரமும் நம் கையில்.

நேரம் நம் கையில் என்பதன் அருமை லக்சரின் மேற்குக் கரையில் தெரியும். பெரிய ஓட்டல்களும் கப்பல் துறையும் கிழக்குக் கரையில் இருப்பதால் குழுக்கள் அங்கேதான் தங்குகின்றன. அவை பாலம் சுற்றி வர நேரமாகும். மேற்குக் கரையில் வயல் ஓரமாக இருக்கும் சிறு விடுதிகளில் தங்கினால், காலை ஆறு மணிக்குப் பள்ளத்தாக்கின் வாசல் திறக்கும்போதே நாம் நிற்கலாம். முதல் ஒரு மணி நேரம் கல்லறைகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்காகவே மேற்குக் கரையில் தங்கச் சொல்வேன்.

அரசர்களின் பள்ளத்தாக்கு பற்றி, குழுவாகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் ஆகிய கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். கல்லறைக்குள் கைடு விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. வாசலில் படத்தை வைத்துச் சொல்லிவிட்டு நம்மை உள்ளே அனுப்புவார். அதனால் எல்லோரும் ஒரே கல்லறைக்குள் போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வெளியில் ஒன்றாகக் கேட்டுவிட்டு, உள்ளே அவரவர் உடம்புக்கேற்பப் பிரிந்து போகலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான்காம் ராம்சேஸ் கல்லறை: பெரும்பாலும் அகலமான சரிவுப் பாதைதான், சுவரின் வண்ணமும் நன்றாகத் தெரிகிறது. மெர்னெப்தாவின் கல்லறை ஆழமும் செங்குத்தும் கொண்டது, இளையவர்களுக்கு விட்டுவிடலாம். 1817-இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்த சேத்தியின் கல்லறைக்கு விலை மிக அதிகம். எங்கள் குழுவில் நான்கு பேர் மட்டும் வாங்கினார்கள். கீழே போகப் போக ஒரு சுவர் விடாமல் புடைப்புச் சிற்பம். கடைசி அறைக் கூரையில் கருநீல வானமும் விண்மீன் கூட்டங்களும். நான் அந்த அறையில் நின்றது பத்து நிமிடம் இருக்கும். கொடுத்த பணத்தை அதற்குப் பிறகு ஒருநாளும் கணக்குப் பார்க்கவில்லை.

துட்டன்காமன் கல்லறை சின்னது, வண்ணமும் ஓர் அறையில் மட்டும். 1922 நவம்பர் 4 அன்று பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டரின் ஆட்கள் கண்ட முதல் படி அங்கேதான் இருக்கிறது, அந்த இளம் அரசனின் உடலும் அங்கேயே இருக்கிறது. பொன்னும் முகமூடியும் கெய்ரோவில். எனவே அத்தை துட்டன்காமனைத் தேர்ந்தெடுத்தார், படிகளும் குறைவு. எங்கள் பத்து வயதுக்காரன் அந்த உடலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இவங்களுக்கு எத்தனை வயசு இருக்கும்போது..." என்று கேட்டான். பத்தொன்பது வயதுக்குள் என்று சொன்னதும் வெளியே வரும்வரை பேசவே இல்லை.

மேற்குக் கரைக்கு இன்னொரு முழு நாள் இருந்தால் தேர் எல்-மதீனாவையும் மெதினத் ஹாபுவையும் விடாதீர்கள். முன்னது அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊர். வீடுகளின் அடித்தளங்கள், தெரு, அவர்கள் தமக்கென வரைந்துகொண்ட சின்னஞ்சிறு கல்லறைகள் எல்லாம் இருக்கின்றன. பின்னது மூன்றாம் ராம்சேஸின் கோயில். மாலையில் கூட்டமே இருக்காது. கப்பல் திட்டங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

வேன் வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நைல் கண்ணில் படுமே தவிர, நைலில் இருக்க மாட்டோம். லக்சரிலிருந்து அஸ்வானுக்கு இரண்டு கோயிலும் பார்த்துப் போகும் நாள் நீண்ட நாள். வேகத்தடைகளும் காவல் சோதனைச் சாவடிகளும் நிறைய. சாயங்காலம் அஸ்வானில் இறங்கும்போது எல்லோருக்கும் இடுப்பு பிடித்திருக்கும்.

தஹபியா

இரண்டு பெரிய முக்கோணப் பாய்கள், ஐந்து முதல் பத்து அறைகள், மேலே விரிப்பும் திண்டும் போட்ட திறந்த தளம். இந்தப் பாய்மரப் படகுக்குத் தஹபியா என்று பெயர். காற்று இல்லாவிட்டால் ஒரு சின்ன இழுவைப் படகு முன்னால் கட்டி இழுக்கும். எஸ்னா மதகைத் தவிர்ப்பதற்காகப் பெரும்பாலும் எஸ்னாவிலேயே ஏற்றி, நான்கு இரவில் அஸ்வானில் இறக்குகிறார்கள்.

நைலில் பாய்மரம் ஓடுவதற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. வடக்கே போக ஆறு கொண்டுபோகும், தெற்கே போகக் காற்று கொண்டுபோகும். பழைய எகிப்திய எழுத்தில் 'தெற்கே போவது' என்ற சொல்லோடு பாய் விரித்த படகையும், 'வடக்கே போவது' என்ற சொல்லோடு பாய் இல்லாத படகையும் வரைந்தார்கள். லக்சரின் கர்னாக் கோயில் சுவரில் எங்கள் கைடு அந்த இரண்டு படகுகளையும் விரலால் தொட்டுக் காட்டியபோது, பாய்மரப் படகு பற்றி வீட்டில் நடந்த வாக்குவாதம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

தஹபியா பெரிய கப்பல் நிற்க முடியாத இடங்களில் நிற்கும். எல் காப், அங்கே எபானாவின் மகன் அஹ்மோஸ் என்ற படைவீரன் தன் போர்க்கதையைச் சுவரில் எழுதிவைத்த கல்லறை. பிறகு எட்ஃபுவுக்கும் கோம் ஓம்போவுக்கும் நடுவே கெபெல் எல்-சில்சிலா. ஆறு குறுகும் அந்த இடத்தில் இரு கரையும் மணற்பாறை. லக்சர் பக்கத்துக் கோயில்களின் கல் இங்கிருந்து வெட்டிப் படகில் போனது. மலையைக் கேக் போல் நேர்கோட்டில் அறுத்து எடுத்திருக்கிறார்கள். சுவரில் உளி சாய்வாக இறங்கிய தடங்கள் வரிசை வரிசையாக இன்னும் கூர்மையாக இருக்கின்றன. கையை வைத்தால் விரல் நுனி அந்தக் கோட்டில் பொருந்துகிறது. காலை எட்டு மணிக்கு அங்கே நாங்கள் மட்டும்தான் இருந்தோம். கர்னாக்கின் 134 தூண்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தத் தூண்கள் வெட்டியெடுத்த வெற்றிடத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். எங்கள் ஆசிரியர்கள் இருவரும் அந்தச் சுவரைவிட்டு நகரவே இல்லை.

இதன் பிரச்சினை விலை. தலைக்குப் பார்த்தால் நடுத்தரக் கப்பலைவிடக் கணிசமாகக் கூடுதல். லிஃப்ட் கிடையாது, கரைக்கு இறங்க ஒற்றைப் பலகை, பல இடங்களில் மருத்துவமனை தூரம். காற்று நின்றுவிட்டால் அட்டவணை மாறும். ஜனவரி இரவில் ஆற்றின் மேல் குளிர் நன்றாகவே இருக்கும்.

ஆனால் குழுவாகப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வாய்ப்பு இதில்தான் இருக்கிறது. இருவராகப் போனால் அறைக் கணக்கில் முழு விலை. முன்பின் தெரியாதவர்களோடு நான்கு நாள். பன்னிரண்டு பேராகப் போனால் ஆறு அறை கொண்ட ஒரு படகு முழுவதும் நமது. மொத்தப் படகுக்கு விலை பேசும்போது தலைக்கு வரும் தொகை நன்றாகவே குறைகிறது. சமையற்காரரிடம் முதல் நாளே உட்கார்ந்து பேசலாம். எங்கே நிறுத்துவது, எப்போது சாப்பிடுவது என்பதை அத்தையின் முழங்காலைப் பார்த்து முடிவு செய்யலாம். கப்பலில் பன்னிரண்டு பேர் என்பது கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. வேனில் பன்னிரண்டு பேர் என்பது நெருக்கம். தஹபியாவில் பன்னிரண்டு பேர் என்பது ஒரு வீடு.

இதைவிட மலிவான பாய்மரம் ஒன்றும் உண்டு, ஃபெலூக்கா. திறந்த படகு, மெத்தையில் வானம் பார்த்துத் தூங்க வேண்டும், கழிப்பறை கிடையாது. கல்லூரி மாணவர்கள் ஓரிரு இரவு போகலாம். மற்றவர்கள் அஸ்வானில் ஒரு மாலை அதில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

அபு சிம்பெல்: தனி முடிவு

எந்த வழியில் போனாலும் அபு சிம்பெல் ஒரு தனித் திட்டம்தான். அஸ்வானிலிருந்து தெற்கே சுமார் 280 கிலோமீட்டர், முழுக்கப் பாலைவனம். விடிகாலை நாலு மணிக்கு வேனில் கிளம்பி மூன்றரை மணி நேரம் போய், இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்புவது ஒன்று. விமானத்தில் போய் வருவது இரண்டு. அந்த ஊரிலேயே ஒரு இரவு தங்குவது மூன்று.

முதல் பயணத்தில் எங்களுக்குக் கப்பல் திட்டம் விற்றவர்கள் அபு சிம்பெல் உண்டு என்றே பேசியிருந்தார்கள். அஸ்வானில் இறங்கிய பிறகுதான் அது "விருப்பத் தேர்வு", தனிப்பணம் என்று தெரிந்தது. ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: அபு சிம்பெல் சேர்ந்ததா, நுழைவுச் சீட்டுகள் சேர்ந்தவையா, கைடுக்கும் படகு ஊழியர்களுக்கும் தரும் டிப்ஸ் சேர்ந்ததா. இந்த மூன்றும் சேராத விலையை மற்ற விலைகளோடு ஒப்பிடக் கூடாது.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில், கட்டாயம் போக வேண்டும். இரண்டாம் ராம்சேஸ் மலையில் குடைந்த கோயில். வாசலில் சுமார் 20 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்த நான்கு சிலைகள். அஸ்வான் உயர் அணையின் நீரில் இது மூழ்கவிருந்தது. 1964 முதல் 1968 வரை, யுனெஸ்கோ முன்னின்று உலக நாடுகள் பணம் போட்டு, கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில், ஆற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளித் திரும்ப அடுக்கினார்கள். இரண்டாவது சிலையின் தலை பண்டைக் காலத்திலேயே உடைந்து அதன் காலடியில் விழுந்து கிடந்தது. புது இடத்திலும் அந்தத் தலையை விழுந்த கோலத்திலேயே கிடத்தியிருக்கிறார்கள். ஒட்டவைக்க வசதி இருந்தும் ஒட்டவைக்காத அந்த நேர்மை என்னைக் கண்கலங்க வைத்தது. பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய இரு நாள் உதயத்தில் சூரிய ஒளி கருவறை வரை போய்ச் சிலைகளில் விழும். ப்தா என்ற தெய்வத்தின் சிலை மட்டும் நிழலிலேயே இருக்கும். அந்த இரு நாளும் கூட்டம் அளவுக்கு மீறும், வயதானவர்களோடு போக உகந்ததல்ல.

பெரியவர்கள் இருக்கும் குழுவுக்கு ஒரு இரவு தங்குவதே சிறந்தது. வேன்கள் எல்லாம் காலை பத்தரை பதினோரு மணிக்குள் திரும்பிவிடும். பிற்பகலில் ஏரிக்கரையில் நீங்களும் காவலாளிகளும் மட்டும்.

கெய்ரோவும் போக்குவரத்தும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கெய்ரோவுக்கு மூன்று இரவு வேண்டும். ஒரு நாள் கீஸா. ஒரு நாள் பழைய பிரமிடுகள் இருக்கும் சக்காராவும் தாஷூரும். ஒரு நாள் 2025 நவம்பர் 1 அன்று திறப்பு விழா கண்ட பெரிய எகிப்திய அருங்காட்சியகம். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் ஒரே இடத்தில் இருப்பதால் அரை நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அரச மம்மிகள் அங்கே இல்லை. 2021 ஏப்ரலில் 22 மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்தது எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில். இது வேறு திசையில் இருக்கிறது.

பெரிய பிரமிடுக்குள் போகலாமா? குனிந்தபடியே ஏறும் குறுகிய பாதை, உள்ளே சுவரில் ஓர் எழுத்தும் கிடையாது. மூச்சு முட்டுகிறவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் விட்டுவிடலாம். சக்காராவில் உனாஸ் என்ற அரசனின் பிரமிடுக்குள் பாதை சிறியது. சுவர் முழுக்கச் செதுக்கிய எழுத்து, பிரமிடுக்குள் எழுதும் வழக்கத்துக்கே முதல் சான்று. இரண்டில் ஒன்று என்றால் நான் உனாஸைத் தேர்ந்தெடுப்பேன்.

கெய்ரோவிலிருந்து லக்சர் சுமார் 670 கிலோமீட்டர். இரவு ரயிலில் படுக்கை உண்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்குத் தூக்கம் வராது. விமானத்தில் ஒரு மணி நேரம். இந்த இடத்தில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எந்த மாதம்

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை என்பதால் பலர் மே மாதத்தைக் கேட்கிறார்கள். லக்சரில் மே முதல் செப்டம்பர் வரை பகலில் 40 டிகிரியைத் தாண்டும். நிழலே இல்லாத பள்ளத்தாக்கில் பெரியவர்களை நிறுத்துவது ஆபத்து. மார்ச் முதல் மே வரை காம்சின் என்ற மணற்காற்று வேறு. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி வரை நல்லது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு முடியும்வரை விலையும் கூட்டமும் உச்சம். ரம்ஜான் நோன்பு மாதத்தில் கோயில்களும் அருங்காட்சியகங்களும் சீக்கிரம் மூடும். 2027-இல் அது பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கும். பையனுக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு நாங்கள் போனது ஜனவரி இறுதியில்.

சைவர்களுக்குக் கவலை வேண்டாம். அரிசி, பருப்பு, மக்ரோனி, வறுத்த வெங்காயம், தக்காளிச் சாறு எல்லாம் கலந்த கொஷாரி ஊரெங்கும் கிடைக்கிறது. காலையில் மொச்சை வகையை வேகவைத்த ஃபூல், அதே பயற்றை அரைத்துப் பொரித்த தாமியா, சூடான ரொட்டி. நம் வடையைக் கடித்துப் பழகியவர்களுக்குத் தாமியா முதல் கடியிலேயே சொந்தமாகிவிடும். பணத்துக்கு ஒரு பொதுப் பை, ஒரு பொறுப்பாளர். பெரிய இடங்களில் நுழைவுச் சீட்டுக்குக் கார்டு மட்டுமே வாங்குகிறார்கள். கழிப்பறைக்கும் பெட்டி தூக்குகிறவருக்கும் சில்லறை நோட்டுகள் தினமும் வேண்டும்.

ஓர் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழந்துறைமுகத்தில், சுமார் 2000 ஆண்டுக்கு முந்தைய பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. பானையைத் தொங்கவிடும் உறிதான். அந்தத் துறைகளில் இறங்கிய மிளகு ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, லக்சருக்கு வடக்கே உள்ள கிஃப்ட் ஊரில் நைல் படகேறியது. அங்கே போய்வர ஒரு முழு நாள் ஆகும், கண்ணால் பார்க்க மேடும் மண்ணும்தான். பன்னிரண்டு பேரின் ஒரு நாளை என் ஒருத்தியின் ஆசைக்குக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் படகில் வடக்கே தண்ணீர் போகும் திசையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மிளகு மூட்டைகள் நினைவுக்கு வந்தன.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது: கெய்ரோ மூன்று இரவு, விமானத்தில் லக்சர், மேற்குக் கரையில் மூன்று இரவு, வேனில் எஸ்னா, தஹபியாவில் நான்கு இரவு, அஸ்வானில் ஓர் இரவு, அபு சிம்பெலில் ஓர் இரவு, விமானத்தில் கெய்ரோ. ஒற்றைப் பலகையில் அத்தை இறங்கும்போதெல்லாம் படகோட்டிகள் இருவர் இருபுறமும் நீண்ட மூங்கிலைத் தோளில் வைத்துக் கைப்பிடியாக நின்றார்கள். மூன்றாம் நாள் அத்தை மூங்கிலைத் தொடாமலே இறங்கினார்.

இப்போது என் தங்கையின் தோழிகள் இருபத்திரண்டு பேர் கேட்கிறார்கள். அத்தனை பேர் ஒரு தஹபியாவில் பெரும்பாலும் அடங்க மாட்டார்கள். இரண்டு படகாகப் பிரிந்தால் பாதிப் பேரை நான்கு நாள் பார்க்கவே முடியாது. அவர்களுக்குக் கப்பலைத்தான் சொன்னேன். ஆனால் கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே லக்சருக்கு வந்து, மேற்குக் கரையில் தங்கி, காலை ஆறு மணிக்குப் பள்ளத்தாக்கின் வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.